மேட்டுத் தெருவுக்கு ஏறிய தண்ணீர்

எங்கள் ஊராட்சியில் குடிநீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்பவர் பங்காரு. திருத்தணியிலிருந்து ஆர்.கே.பேட்டை போகும் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி யாரைக் கேட்டாலும் ஆளைக் காட்டுவார்கள். பதினெட்டு வருடமாகத் தற்காலிக வேலை. கையில் எப்போதும் வால்வு திருப்பும் இரும்புச் சாவி. ஊரில் பதினொரு வால்வு. எது எங்கே புதைந்திருக்கிறது, எதை எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். நல்ல மனிதர்தான். ஆனால் இந்த விஷயத்தில் கல்லுளிமங்கன்.

சென்ற மாதம் ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. புயலில் சாலையும் மின்சாரமும் போனால் ஊர் எத்தனை நாள் தானாகத் தாங்கும் என்று எழுத வேண்டும். ஊராட்சிச் செயலர் என்பதால் அது என் தலையில் விழுந்தது. நெல் வீட்டுக்கு வீடு இருந்தது, விறகு இருந்தது, பாலுக்குப் பஞ்சமில்லை. தொட்டி நிறைந்திருந்தால் இரண்டு நாளைக்குத் தண்ணீர். பங்காரு இல்லாவிட்டால் அதைத் திறந்துவிடும் மாற்று நபர் யார் என்ற கட்டத்தில்தான் மாட்டிக்கொண்டேன்.

படிவத்தோடு அவர் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது.

"இன்னொரு பேரு எழுதினா, நாளைக்கு என்னை எடுத்துட்டு அவனை வெச்சிப்பாங்க. இந்த வயசுல நான் எங்கங்க போறது?"

அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் விடவில்லை. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து இரண்டு நாள் மலையிலேயே இருக்கிறீர்களே, அப்போது யார் திறப்பது என்று கேட்டேன். தொட்டியை நிரப்பி, எல்லா வால்வையும் பாதி திறந்து, சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போவாராம். மற்றதை முருகன் பார்த்துக்கொள்வானாம். வருடம் முழுக்கச் சொட்டுச் சொட்டாக வரும் மேட்டுத் தெருவில் அந்த இரண்டு நாள் மட்டும் குடம் நிறைவதே அதற்குச் சாட்சி என்றார். மேட்டுத் தெருக்காரர்கள் இதற்காகக் கற்பூரம்கூட ஏற்றியிருக்கிறார்கள்.

அரிசி புடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி காஞ்சனா முறத்தைக் கீழே வைத்தார்.

"நான்தாங்க தொறந்துவுடறேன். தொட்டி நெறைஞ்சிருக்கறப்பவே மொதல்ல மேட்டுக்கு வுடணும். இவரு கடைசியா வுடறாரு, எப்டி ஏறும்?"

பங்காரு மனைவி பக்கம் திரும்பினார். எத்தனை வருடமாக நடக்கிறது என்று மெல்லக் கேட்டார். பத்து வருடம் என்றார் காஞ்சனா. ஏன் சொல்லவில்லை என்று அடுத்துக் கேட்டார்.

"சொல்லியிருந்தா சாவியையும் மலைக்கு எடுத்துகினு போயிருப்பீங்க."

பங்காரு என் கையிலிருந்த படிவத்தைப் பார்த்தார். பெயர் எழுதினால் வேலை போகாது என்று என்னால் உறுதி தர முடியவில்லை. அதை ஒளிக்காமல் சொன்னேன். அவர் காஞ்சனா பெயரை எழுதச் சொன்னார். எழுதினேன்.

பிறகு பக்கத்தில் கிடந்த சாவியை எடுத்து மனைவியிடம் நீட்டினார்.

"நாளைக்கு மேட்டுலருந்து நீயே ஆரம்பி. நான் பின்னால வந்து பாத்துக்கறேன்."