தவிட்டுப் பாதையில் பார்த்தவை

காலையில் கழற்றிய செருப்பின் வார்த்தடம் மதியம் வரை என் பாதத்தில் அப்படியே இருந்தது. மலாயாவை ஜப்பான்காரன் பிடித்து ஆண்ட காலம் அது. சிடாம் கிரிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கிராணி (அலுவலக எழுத்தர்). ஊரே மெலிந்து கிடக்க, மரவள்ளிக்கிழங்கு தின்றே எனக்கு உடம்பு போட்டிருக்கிறது என்று பெருமைகூடப் பட்டேன்.

தோட்டத்து டிரசர் (மருந்து கொடுப்பவர்) என் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்தும் குழி மூடவில்லை. பெரிபெரி (சாப்பாட்டில் சத்துக் குறைந்து கால் வீங்கி, முற்றினால் இருதயத்தைப் பிடிக்கும் நோய்) என்றார்.

"மருந்து எங்கிட்ட இல்ல கிராணி. தவிடு தின்னுங்க. மலாய்க்காரங்க கம்பத்துல நெல்லு குத்துறாங்க, கேட்டா கொடுப்பாங்க."

வைத்தியர் சொன்ன மருந்து உங்களில் யாருக்காவது கௌரவக் குறைச்சலாகத் தோன்றினால், நான் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

என் மனைவி அஞ்சலை வாரம் இருமுறை மலையடி ஒற்றையடிப் பாதையில் மலாய்க் கம்பத்துக்கு (கிராமத்துக்கு) நடந்து தவிடு வாங்கி வந்தாள். வறுத்து உருண்டை பிடித்து வைப்பாள். மாட்டுத் தீனியைக் கிராணி தின்கிறான் என்று லயத்து (தொழிலாளர் குடியிருப்பு) வீடுகளில் பேச்சு வந்தால் என்னாவது? அவள் தண்ணீருக்குப் போன நேரம் பார்த்து, உருண்டைகளை எங்கள் இரண்டு கோழிகளுக்கு உதிர்த்துவிடுவேன்.

மாசி மாதம். ரப்பர் மரங்கள் இலையுதிர்ந்து, துளிர்த்து, பூக்கத் தொடங்கியிருந்தன. அஞ்சலை திரும்பி வரும்போதெல்லாம் பார்த்ததைச் சொல்வாள். செண்டுடுக் என்னும் காட்டுப் புதரில் ஊதாப் பூ. மரத்தில் ஒட்டி வளர்ந்து, புறா உட்கார்ந்த மாதிரி பூத்த வெள்ளைப் பூ. ஜோடியாகப் போன இருவாட்சிப் பறவைகள்.

"ஏங்க, இன்னிக்கு ஒரு சருகுமான் என் காலுகிட்டயே வந்து பழம் பொறுக்குச்சு."

"புருஷன் படுத்துக் கெடக்கான். ஒனக்குப் பூவும் மானும் கேக்குதா?" என்றேன். அவள் தவிட்டை வறுக்கப் போனாள்.

வீக்கம் தொடைக்கு ஏறியது. பார்க்க வந்த டிரசர் வாசலிலேயே நின்றுவிட்டார். லயத்தில் மற்றவர்களின் கோழிகள் கிழங்குத் தோல் கொத்தித் தள்ளாடிக்கொண்டிருந்தன.

"ஒங்க கோழிக்கு மட்டும் காலு நல்லா இருக்கு லா, கிராணி."

அஞ்சலை கோழிகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "என் பங்கையும் சேத்துத்தாங்க உருட்டி வெச்சேன்" என்றாள்.

டிரசர் அவள் காலையும் அழுத்தினார். அந்தக் குழியும் மூடவில்லை.

அன்றைக்கே, லயத்து ஜனங்கள் பார்க்க, வாசலில் உட்கார்ந்து தவிடு தின்றேன். யாரும் சிரிக்கவில்லை. முதல் நாட்களில் டிரசரே தவிடு கொண்டுவந்து கொடுத்தார். எனக்கு வீக்கம் வடிந்து எழுந்தபோது அஞ்சலை இன்னும் எழ முடியாமல் படுத்திருந்தாள். கோலூன்றிக் கம்பத்துக்குப் போனேன்.

செண்டுடுக் புதருக்கு எதிரே ஒரு மரம் விழுந்து கிடந்தது. மூச்சு வாங்கி அதில் உட்கார்ந்தேன். நடக்கும்போது கண்ணில் படாத அந்த வெள்ளைப் பூ, உட்கார்ந்ததும் நேர் எதிரே இருந்தது. சருகுமான் பயந்தாங்கொள்ளி, ஆள் அசைந்தாலே ஓடிவிடும். அது காலருகில் மேய, அவள் எவ்வளவு நேரம் அசைய முடியாமல் கிடந்திருப்பாள்? அவள் சொன்ன ஒவ்வொரு பூவும் அவளால் மேற்கொண்டு நடக்க முடியாமல் போன இடம். அதைத்தான் உல்லாசம் என்று ஏசியிருக்கிறேன். வெட்கத்தில் அங்கேயே அழுதேன்.

இருவரும் பிழைத்தோம். எனக்கு வயதாகிவிட்டது. இன்றும் எழுந்ததும் என் காலை அழுத்திப் பார்க்கிறேன். குழி விழுவதில்லை. ஆனாலும் விரலை எடுத்தபின் கொஞ்ச நேரம் காத்திருக்கிறேன். அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு நாள் முழுவதையும்விட நீளம்.

நாங்கள் பிழைத்தெழுந்த அடுத்த வருஷம் மாசியில் அஞ்சலை தனியாகக் கம்பத்துக்குப் போய் வந்தாள். வாசலிலேயே காத்திருந்து, என்ன பார்த்தாய் என்று கேட்டேன்.

"ஒண்ணும் பாக்கலீங்க" என்றாள். "எங்கயும் ஒக்காராம வந்துட்டேன்."