உற்ற துணையும் ஆவார்

அரியாலையில் ஒரு சாவு விழுந்தால் கனகரத்தினத்தின் வீட்டுக்குத்தான் முதலில் ஆள் வரும். பழைய மொரிஸ் மைனரின் கூரையில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாகப் போய் மரண அறிவித்தல் சொல்லுவார். கார் ஓட்டுவது வின்சன்ற். குருநகர்க்காரன். கனகரத்தினத்தோடு ஒரே வீட்டில் ஒன்றாய்ச் சமைத்து, ஒன்றாய்ச் சாப்பிட்டு, ஒன்றாய் நரைத்தவன். 'கூட்டாளி' என்று ஊர் முகத்துக்கு நேரே நாகரிகமாகச் சொல்லும். முதுகுக்குப் பின்னால் சொன்னதை எழுதக் கை கூசும்.

எண்பத்துநாலில் குணலட்சுமி ரீச்சர் செத்தபோது தமையன் அருளம்பலம் வந்து விபரம் சொன்னார். அந்த விபரத்தில் தகப்பன், தாய், சகோதரர், மருமக்கள் எல்லாரும் இருந்தார்கள். கடைசிவரை கூட வாழ்ந்த பாலேஸ்வரி ரீச்சர் மட்டும் இல்லை. அறிவித்தலில் பெயர் வராத ஆளிடம் யார் துக்கம் விசாரிப்பார்கள்? செத்தவீட்டில் அடுப்பெரியாது என்று அயல் சமைத்துக் கொண்டுவந்த சோறும் தமையன் குடும்பத்துக்குத்தான் போனது. தான் குடியிருந்த வீட்டு முற்றத்திலேயே அந்த மனுசி ஆரோ எவரோ மாதிரி வேலியோரம் நின்றா. செத்தவீட்டுக்குப் போன கனகரத்தினம் அதைப் பார்த்தார்.

ஆனால் சண்டைக்குப் போகவில்லை. போனால் மைக்கைப் பறித்துவிடுவார்கள். செத்தவீட்டுக்குக் கேளாத தூரத்து ஒழுங்கைகளில் தொடங்கினார்.

"அன்னார் காலஞ்சென்ற கந்தப்புவின் அன்பு மகளும், அருளம்பலத்தின் அன்புச் சகோதரியும், பாலேஸ்வரியின் உற்ற துணையும் ஆவார்."

கதை காதுக்கு எட்டியதும் அருளம்பலம் சைக்கிளில் பறந்து வந்து காரை மறித்தார்.

"ஆரைக் கேட்டுச் சொன்னனீர்?"

"வாய் தவறி வந்திட்டுது ஐயா. பாதி ஊர் கேட்டிட்டுது. இனி அந்த வரியை எடுத்தால்தான் சனம் ஏனெண்டு கேக்கும்."

மனிசன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். அன்று பின்னேரம் நாலைந்து பெண்கள் பாலேஸ்வரி ரீச்சரின் கையைப் பிடித்து அழுதார்கள்.

"அடேயப்பா, நீ பெரிய பிரசாரமெல்லோ செய்யிறாய்!" என்று வின்சன்ற் சிரித்தான்.

ஓம், பிரசாரம்தான். அதற்குப் பிறகு, படுக்கையில் கிடந்த கிழவரைப் பராமரித்த வேலையாளுக்கும், விதவையோடு ஒதுங்கியிருந்த சிநேகிதிக்கும் அதே வரியைச் சொன்னார்.

"எங்களைப்போல ஆக்களுக்கு மட்டும் சொன்னால் அந்தச் சொல்லுக்கே சேறடிப்பாங்கள். எல்லாருக்கும் சொன்னால் ஒருத்தரும் தொடமாட்டினம்" என்று வின்சன்றுக்கு விளக்கினார்.

சில வருடங்களில் விபரம் தருபவர்களே, "துணையாய் இருந்தவரை விட்டிடாதேங்கோ அண்ணை" என்று கேட்கத் தொடங்கினார்கள்.

"நான் போனால் எனக்கும் அந்த வரியைச் சொல்லுவியோ?" என்று ஒருநாள் வின்சன்ற் கேட்டான்.

"விசர்க்கதை கதையாதை. உனக்குச் சொல்லாமல் விடுவனே?"

வின்சன்றுக்குச் சலரோகம். தொண்ணூற்றிரண்டில் யுத்தகாலப் பொருளாதாரத் தடையால் இன்சுலின் வருவது நின்றுபோனது. பாழாய்ப்போன தடை, ஆளைத் தின்றுவிட்டது. தமையன் பிலிப்பு பிரேதத்தை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே குருநகருக்குக் கொண்டுபோய்விட்டார். அறிவித்தல் சொல்லத்தான் வேறு ஆள் இல்லை. பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடிய அந்தக் காரை அன்று பிலிப்புவே ஓட்டினார்.

"உன்ரை பெயர் வாயிலை வந்துதோ, தம்பியின்ரை முகத்தைப் பாக்க விடமாட்டன்."

முகத்தைப் பார்க்க வேண்டும். கனகரத்தினத்துக்கு உலகத்தில் அது ஒன்றுதான் மிச்சமிருந்தது.

"குருநகரைச் சேர்ந்த வின்சன்ற் காலமானார். அன்னார் காலஞ்சென்ற செபமாலையின் அன்பு மகனும், பிலிப்பு, அருமைநாயகி ஆகியோரின் அன்புச் சகோதரனும் ஆவார்."

அரியாலையில் பெண்கள் வாசல் படலைகளுக்கு வந்து நின்று கேட்டார்கள். அறிவித்தல் முடிந்த பிறகும் ஒருவரும் உள்ளே போகவில்லை. இன்னொரு வரி வரும் என்று காத்து நின்றார்கள். கனகரத்தினம் தலையைக் குனிந்துகொண்டு மைக்கை அமத்தினார்.

குருநகருக்குத் திரும்பியபோது பெட்டியை ஆணியடித்து மூடியிருந்தார்கள். "பூசைக்கு நேரமாச்சுது" என்றார் பிலிப்பு. படுபாவி! அவ்வளவுதான் சொன்னார். பெட்டி தெருவில் இறங்கிப் போவதைக் கனகரத்தினம் வாசலுக்கு வெளியே நின்று பார்த்தார். யாரும் அவர் கையைப் பிடித்துத் துக்கம் விசாரிக்கவில்லை.

காரை ஓட்ட இனி ஆளில்லை. பொழுதுபட நடந்தே வீடு வந்து சேர்ந்தார். நேரே குசினிக்குப் போய் அடுப்படியில் குந்தினார். காலையிலிருந்து தேத்தண்ணீர்கூட இல்லை. நெருப்புப்பெட்டியை எடுத்தபோது பின்னாலிருந்து ஒரு கை வந்து அதை வாங்கியது. பாலேஸ்வரி ரீச்சர்.

"இண்டைக்கு இந்த வீட்டிலை அடுப்பு எரியக்கூடாது, தம்பி."

மற்றக் கையில் சோற்றுச் சட்டி இருந்தது. முற்றத்தில் அயல் பெண்கள் ஆளுக்கொரு ஏனத்தோடு நின்றார்கள்.

"நான் சொல்லேல்லை ரீச்சர்!" அவர் தலையிலடித்துக் கதறினார். "எல்லாருக்கும் சொன்ன நான், அவனுக்குச் சொல்லேல்லை. முகத்தையும் பாக்கேல்லை."

"ஓம். நாங்கள் படலையிலை நிண்டு பாத்தனாங்கள். அந்த வரி வரேல்லை. அதுதான் வந்தனாங்கள்."

ரீச்சர் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதா. பிறகு சாப்பாட்டுக் கோப்பையில் சோற்றைப் போட்டுக் கொடுத்தா. அவர் வாங்கினார். ஒரு வாய்கூட இறங்கவில்லை.