வெண்ணந்தூர்த் தகரப் பெட்டியில் செவ்வாய்ப்பேட்டைப் பற்கள்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அப்படிப்பட்டவன் என்னென்ன செய்தான் என்று கேட்டால், உட்கார்ந்து கேட்க உங்களுக்கு நேரம் வேண்டும். கிளீனராக ஏறிய லாரியையே பிற்பாடு சொந்தமாக வாங்கினேன். வங்கியில் எனக்கு நாற்காலிகூடக் காட்டாத காலத்தில் அடுத்த லாரியும் வாங்கினேன். முதல் மழைக்கே சாய்ந்துவிடும் என்று பங்காளிகள் சிரித்த ஓடைக்கரை நிலத்தில் மரவள்ளிக்கிழங்கு அரைக்கும் மில் கட்டினேன், இன்றைக்கும் நிற்கிறது. செவ்வாய்ப்பேட்டைச் சந்துக்குள் செங்கல் வண்டி திரும்பாது என்று மேஸ்திரிகள் கையை விரித்த இடத்தில், செங்கல்லைத் தலைச்சுமையாகக் கொண்டுபோய் மாடிக் கட்டடம் எழுப்பினேன். என் மகளைப் பல் டாக்டர் ஒருவருக்குக் கொடுத்து, அந்த மாடியிலேயே அவருக்கு ஆஸ்பத்திரியும் வைத்துக் கொடுத்தேன்.

இதெல்லாம் ஊரறிந்த சங்கதி. ஊர் அறியாத ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் கம்ப்யூட்டரில் இருந்த அத்தனை பேரின் பல் விவரமும் ஒரு நாள் அழிந்துபோயிற்று. அது திரும்பி வந்தது வெண்ணந்தூரில் என் வீட்டு அலமாரியிலிருந்து. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசி அது. எங்கள் பக்கத்தில் கம்ப்யூட்டரைப் பார்த்தவர்கள் குறைவு. மாப்பிள்ளை ஒன்றை வாங்கி வைத்தார். அதற்கென்று தனி அறை, குளுகுளு மெஷின், வாசலில் செருப்பைக் கழற்ற ஒரு கோணிச் சாக்கு. பல்லைப் பிடுங்க வந்தவர்கள் அதையும் எட்டிப் பார்த்துக் கும்பிட்டுப் போனார்கள். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடும். யாருக்கு எந்தப் பல் சொத்தை, யாருக்குப் பாதி வேலை முடிந்திருக்கிறது, யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எல்லாம் அதற்குள்.

அதுவரை அட்டையில் எழுதி வைத்திருந்தார்கள். நர்ஸம்மா ஒருத்தி மாதக்கணக்கில் உட்கார்ந்து அத்தனையையும் மெஷினில் தட்டி முடித்ததும், மாப்பிள்ளை அட்டைகளைப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிட்டார். இடத்தை அடைக்கிறதாம். கொஞ்ச நாளில் கீழ்க்கடையில் எனக்கு அந்த அட்டையில்தான் பொரிகடலை மடித்துக் கொடுத்தார்கள். யாரோ ஒருவரின் கடைவாய்ப் பல் படத்தின்மேல் கடலையை வைத்துத் தின்றேன்.

மெஷின் கொடுத்தவர் கோயமுத்தூர் இன்ஜினியர். தங்கமான பிள்ளை. “இது கெட்டுப்போனா எல்லாமே போயிரும் சார். வாராவாரம் ஒரு காப்பி எடுத்து வெச்சிருங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். காப்பி என்றால் ஃபிளாப்பி. கறுப்பாக, சதுரமாக, அப்பளம் மாதிரி வளைகிற தகடு. காகித உறைக்குள் இருக்கும். ஒன்றில் எல்லாம் அடங்காது. சனிக்கிழமை தோறும் நர்ஸம்மா ஒவ்வொன்றாகச் செருகுவாள். நிறைந்ததும் மெஷின் அடுத்ததைக் கேட்கும். ஒரு கட்டு நிறைந்ததும் மெஷினுக்குக் கீழேயே இருந்த மேசை டிராயரில் போட்டுப் பூட்டுவாள்.

அதைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. காரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் என் டிரைவர் ஒருவன் லாரியின் இரண்டு சாவியையும் ஒரே கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டியிருந்தான். வாய்க்காலில் இறங்கிக் குளிக்கும்போது இரண்டும் சேர்ந்தே போயின. தக்காளி லோடு நடுரோட்டில் நின்று ஒழுகியது. அன்றிலிருந்து என் வண்டி எதுவானாலும் இரண்டாவது சாவி வண்டியோடு போகாது. என் வீட்டில் ஆணியில் தொங்கும்.

“மாப்ளெ, ரண்டு சாவியும் ஒரே கயித்துல கெடக்குதுங்களே?” என்றேன்.

“எந்தச் சாவிங்க மாமா?”

“மெஷினும் இங்க, அதோட காப்பியும் இங்க. நாளைக்குக் கூரை ஒழுகுனா ரண்டும் சேந்து நனையுமுங்க. இன்னொரு கட்டுப் போடச் சொல்லுங்க. அது என்ற ஊட்டுல இருக்கோணும்.”

“நீங்க கட்டுன கட்டடம் ஒழுகுமுங்களா மாமா?” என்று சிரித்தார்.

நல்ல கேள்வி. ஒழுகாது. ஆனாலும் நான் விடவில்லை. மாமனார் பிடிவாதத்துக்காக ஒத்துக்கொண்டார் என்பதே சரி. சனிக்கிழமை நான் மண்டிக் கடைகளுக்குச் சரக்கெடுக்க எப்படியும் செவ்வாய்ப்பேட்டை வருவேன். புதுக் கட்டை ஒரு பிஸ்கட் தகரப் பெட்டியில் வைத்து எடுத்துப் போவேன். போன வாரத்துப் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுப்பேன். லாரி இன்ஜின் சூடு ஃபிளாப்பிக்கு ஆகாது என்று இன்ஜினியர் சொன்னதால், சரக்கை லாரியில் அனுப்பிவிட்டு நான் மட்டும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவேன். லாரி முதலாளி பஸ்ஸில் போன கதை இது ஒன்றுதான்.

கண்டக்டருக்கு அந்தப் பெட்டிமேல் எப்போதும் ஒரு கண்.

“என்னங்க மொதலாளி, முறுக்குங்களா?”

“பல்லு.”

“பல்லா! யாரு பல்லுங்க?”

“உன்றதும் உள்ளாற இருக்குது. போன மாசம் புடுங்கிக்கிட்டயல்லொ.”

அவன் தாடையைத் தடவிக்கொண்டே பின்னால் போய்விட்டான். அப்புறம் என் பக்கத்து சீட்டில் கூடை வைக்க யாரையும் விடமாட்டான்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் ஆயுத பூஜை வந்தது. லாரிக்காரர் வீட்டில் அது தீபாவளியைவிடப் பெரிய நோன்பி. சோறு போடுகிற சாமான் எதுவானாலும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, பூப்போட்டுக் கும்பிட வேண்டும். என் மகள் அதைப் பார்த்தே வளர்ந்தவள். ஆஸ்பத்திரியில் குறடு, கண்ணாடி, நாற்காலி எல்லாவற்றுக்கும் வைத்தாள். கம்ப்யூட்டரை மட்டும் சும்மா விடுவாளா? திரைக்குப் பொட்டு, தலைக்குச் சாமந்தி மாலை. மாவிலையில் மஞ்சள் தண்ணீர் தொட்டு நாலு பக்கமும் தெளித்தாள். பின்பக்கம் காற்றுப் போகிற ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே போனதை யாரும் கவனிக்கவில்லை. டிராயரிலிருந்த ஃபிளாப்பிக் கட்டையும் எடுத்து, உறையிலிருந்து ஒவ்வொன்றாக உருவி, சாமி படத்துக்கு முன்னால் அடுக்கி, அதிலே சின்னதாக ஒரு ஜன்னல் மாதிரித் திறந்திருக்குமே, அந்த இடத்தில் அழகாகச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். நானும் பக்கத்தில் நின்று கும்பிட்டேன். அவளைக் குறை சொல்லமாட்டேன். சோறு போடுகிற சாமானுக்குச் செய்ய வேண்டிய மரியாதையைத்தான் செய்தாள்.

விஜயதசமி காலையில் நல்ல நேரம் பார்த்து சுவிட்சைப் போட்டார் மாப்பிள்ளை. பட்டென்று ஒரு சத்தம். கருகல் வாடை. திரை இருண்டே இருந்தது.

நான் மண்டியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன். தகவல் வந்து மேலே போனால், மாப்பிள்ளை ஃபிளாப்பி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பஞ்சால் குங்குமத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்கத் துடைக்க உள்ளே இழுத்துக்கொண்டு போனது. மகள் மூலையில் நின்று அழுதாள்.

வெளியே பெஞ்சில் கூட்டம். அதில் சேந்தமங்கலத்திலிருந்து வந்த ஓர் அம்மாள், கன்னம் வீங்கிக் கண் மூடிக் கிடந்தாள்.

“டாக்டரய்யா, ஒரு ஊசியப் போட்டுடுங்க சாமி, தாங்க முடியல.”

“உங்களுக்கு ஏதோ ஒரு மருந்து சேராதுன்னு போன தடவை எழுதினேனுங்களே, அது எதுன்னு தெரியுமுங்களா?”

“எனக்கென்னங்க தெரியும்? ஒடம்பெல்லாம் தடிச்சு மூச்சு முட்டிப்போச்சு. நீங்கதானுங்க எழுதிக்கிட்டீங்க.”

மாப்பிள்ளை ஊசியைக் கீழே வைத்துவிட்டார். “எதை நம்பி மாமா இவங்களுக்கு மருந்து குடுக்கறது? பாதி வேலையில நிக்கிறவங்க எத்தனை பேரு? இது போச்சுன்னா நான் மொதல்ல இருந்து ஆரம்பிக்கோணுமுங்க.” எதற்கும் அசையாத மனிதர். அன்றைக்குக் குரல் இறங்கியிருந்தது.

“கோயமுத்தூருக்கு டிரங்கால் போடுங்க. அந்த அம்மாளுக்கு உப்புத் தண்ணி குடுங்க. நான் ஊட்டுக்குப் போயி இன்னொரு கட்டக் கொண்டாரேன்” என்றேன்.

லாரி பாதி லோடோடு நின்றது. “மொதலாளி, மிச்ச மூட்டைங்க?” என்றான் டிரைவர். “அது ஓடாது. நீ ஓட்டு” என்றேன்.

ராசிபுரம் ரோட்டில் வந்து திரும்பும்போதுதான் எனக்கு அந்த நினைப்பு வந்தது. நோன்பி என் வீட்டிலும்தானே நடந்தது! மகளுக்கு அந்தப் பழக்கம் யாரிடமிருந்து வந்தது? அவள் அம்மாவிடமிருந்து. வெண்ணந்தூர் வரும்வரை இன்னும் மிதி, இன்னும் மிதி என்று டிரைவரை விரட்டிக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்தால் அலமாரியில் தகரப் பெட்டி, மூடி தெரியாத அளவுக்குச் சந்தனம்.

“இதுக்கும் வெச்சயா?” என்றேன் என் வீட்டுக்காரியிடம்.

“ஏனுங்க, எல்லாத்துக்கும் வெச்சுப்போட்டு மாப்பிள்ளை பொட்டிய மட்டும் உட்டுப்போட முடியுமுங்களா?”

“உள்ளாறயும் வெச்சயா? அதச் சொல்லு.”

“உள்ளாற எங்கீங்க வெக்கறது? கவுத்தப் போட்டு நீங்க கட்டுன கட்ட அவுக்க எனக்கு முடியுமுங்களா? இழுத்து இழுத்து நகந்தான் போச்சு. போனாப் போகுதுன்னு மேலயே வெச்சுப்போட்டேன்.”

நான் எந்தப் பெட்டியைக் கட்டினாலும் லோடு கட்டுகிற மாதிரிதான் கட்டுவேன். தார்ப்பாய்க்குப் போடுகிற முடிச்சு. ஏற்காட்டு மலை ஏறி இறங்கினாலும் நெகிழாது. அவிழ்க்கத் தெரிந்தவன் இழுத்தால் ஒரே இழுப்பில் வரும். தெரியாதவர் இழுத்தால் இறுகும். அன்றைக்கு அவளைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில், எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று டிரைவரைக் கூப்பிட்டுவிட்டாள்.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன். இன்ஜினியர் மத்தியானம் தாண்டிப் புதுப் பாகத்தோடு வந்து இறங்கினார். மெஷினைப் பிரித்து, விவரம் தங்குகிற பாகமே கருகிப்போயிருந்ததைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினார். நான் முடிச்சை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி ஒரே இழுப்பில் அவிழ்த்தேன். ஃபிளாப்பி ஒவ்வொன்றாக உள்ளே போயிற்று. நர்ஸம்மா வாய்க்குள்ளேயே வேண்டிக்கொண்டிருந்தாள். கடைசித் தகடு போனதும் திரையில் பச்சை எழுத்து ஓடியது. அந்தச் சேந்தமங்கலத்து அம்மாளின் விவரத்தைத்தான் முதலில் தேடி எடுத்தார் மாப்பிள்ளை. மருந்தின் பெயர் அதில் இருந்தது. அதை விட்டு வேறு மருந்து கொடுத்தார். சாயங்காலம் பஸ் ஏறும்போது அந்த அம்மாள் என்னையும் சேர்த்துக் கும்பிட்டுப் போனாள்.

அதற்குப்பின் ஆயுத பூஜையன்று கம்ப்யூட்டருக்குப் பூ மட்டும்தான். சனிக்கிழமைப் பெட்டி வெகுகாலம் என் மடியில் வந்துகொண்டிருந்தது. அந்த ஆஸ்பத்திரி வளர்ந்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்த ஒன்றைத் தவிர.

மாப்பிள்ளை இப்போது ஆஸ்பத்திரிக்கு ஒரு நினைவு மலர் போடுகிறார். எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார். இந்தப் பக்கத்தில் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வைத்தது வருகிறது. கோயமுத்தூர் இன்ஜினியர் படத்தோடு வருகிறார், வரட்டும், நியாயம்தான். விவரங்களின் மறுபிரதியை வேறு ஊரில் வைத்துக் காத்ததும் வருகிறது. எந்த ஊரில், யார் வீட்டில், யார் சொல்லி என்று ஒரு வார்த்தை இல்லை.

“நன்றியில குடும்பத்தாருன்னு சேத்தி எழுதியிருக்கறனுங்க மாமா” என்றார்.

“குடும்பத்தாரு அத்தன பேருமா மாப்ளெ பஸ்ஸுல மடியில வெச்சுக்கிட்டு வந்தாங்க?”

சிரித்தார். பார்க்கலாம் மாமா என்றார். பார்க்கலாம் என்பது எனக்குப் போதாது. அதனால் இதை எழுதியே கொடுக்கிறேன். இரண்டாவது கட்டு வேண்டும் என்று சொன்னவன் நான். அதை வாராவாரம் சுமந்தவன் நான். யாரும் பிரிக்க முடியாதபடி கட்டி வைத்தவனும் நான். மலர் அச்சுக்குப் போவதற்கு முன்னால் இந்த மூன்றையும் என் பெயரைப் போட்டு, தனிப் பத்தியாக, இன்ஜினியர் படம் இருக்கிற அதே பக்கத்தில் சேர்க்க வேண்டும். என் படத்தைப் போட்டாலும் நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.