நான்கு வரி மஞ்சள் அட்டை

போன வாரம் வரை என் மேசையின் கீழ் இழுப்பறையில், காலாவதியான அடையாள அட்டைகளுக்கும் மை வற்றிய பேனாக்களுக்கும் நடுவில் ஒரு மஞ்சள் அட்டை கிடந்தது. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். எழுதுவதற்கு நான்கு கோடுகள் அச்சடித்திருந்தார்கள். மேல் இரண்டு கோடுகளில் மலையாளத்தில் என் கையெழுத்து: பஜாரில் வேலை செய்யும் பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும். மூலையில் வட்டமாக ஒரு பச்சை ஸ்டிக்கர். பச்சை ஒட்டினால் அந்தப் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று பொருள். நான் முன்பு வேலை பார்த்த பத்திரிகையிலிருந்து ஒரு பெண் ஃபோன் செய்தாள். நாங்கள் நடத்திய வாசகர் கூட்டங்களைப் பற்றி ஒரு கண்காட்சி வைக்கிறார்களாம். அந்தக் கழிப்பறைக் கார்டு என்னிடம் இருப்பதாக யாரோ சொன்னார்களாம். "நம்ம பேப்பரோட பெரிய வெற்றியே அதுதானே சேச்சி" என்றாள். எனக்கு வந்த எரிச்சலில் நாளைக்குக் கூப்பிடு என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன். பாவம், அவள் என்ன செய்வாள். அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவள் சொன்னாள்.

அந்த அட்டையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருபவர் சுக்குக் கிடங்கில் வேலை பார்த்த அக்கா. கம்பம் பக்கத்திலிருந்து புருஷனோடு பிழைக்க வந்தவர். புருஷன் கட்டட வேலைக்குப் போக, இவர் மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு கிடங்கில் சுக்கு பிரிக்கும் வேலைக்குச் சேர்ந்தார். காலை ஏழரை மணிக்குச் சாக்கின்மேல் உட்கார்ந்தால் மாலை ஐந்துவரைக்கும் சல்லடையும் முறமும்தான். முழு விரலாக இருப்பது ஒரு பக்கம், ஒடிந்தது ஒரு பக்கம், பூச்சி அரித்தது ஒரு பக்கம். வெளுப்பதற்குப் போட்ட சுண்ணாம்புத் தூள் புருவத்தில் படிந்து, பத்து மணிக்கே பத்து வயது கூடினவர் மாதிரி ஆகிவிடுவார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், என்னை முதலில் சேச்சி, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிட்டார். கொச்சிக்கு வந்து இறங்கிய அன்றே கற்றுக்கொண்ட சொல் அது. கையில் நோட்டுப் புத்தகம் வைத்திருப்பவர்கள் எல்லாரும் அவருக்குச் சேச்சியும் சேட்டனும்தான். எங்கள் வீட்டிலும் பேச்சு தமிழ்தான் என்று தெரிந்த பிறகு பாப்பா ஆனேன்.

என் வீட்டில் பேசியது தமிழ், பள்ளியில் படித்தது மலையாளம். அந்த ஒரு தகுதிக்காகத்தான் எங்கள் பீரோ சீஃப் என்னை வாசகர் கூட்டத்துக்குப் பொறுப்பாளர் ஆக்கினார். கெட்டவர் இல்லை அவர். அதைச் சொல்லாவிட்டால் நான் எழுதுவது பொய்யாகிவிடும். மந்திரி பேச்சையும் விபத்தையும் மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் ஒரு நாள் நம்மை யாரும் வாங்க மாட்டார்கள், ஊர்க்காரர்களை உட்காரவைத்துக் கேட்போம், கேட்டதைச் செய்யவைப்போம் என்று மேலிடத்தோடு மல்லுக்கட்டி அனுமதி வாங்கியவர் அவர்தான். கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு மஞ்சள் அட்டை. குறையை எழுதிக் கொடுத்தால் அலுவலக வாசலில் இருந்த பெரிய பலகையில் குத்திவைப்போம். தீர்ந்ததும் பச்சை ஒட்டுவோம், படத்தோடு செய்தி போடுவோம். ஒரு கார்டு, ஒரு காரியம் என்பார். படம் எடுக்க முடியாத காரியத்தை எழுதாதே என்றும் சொல்வார். அப்போது எனக்கு அது பெரிய தொழில் ரகசியம்போல் இருந்தது, நோட்டில் குறித்துவைத்துக்கொண்டேன்.

வாசகர் கூட்டம் என்று பெயர். எங்கள் பேப்பரை வாசிக்கவே தெரியாத ஆறு பெண்களை நான் அதற்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமை, ஒரு பள்ளிக்கூடத்தின் ஹால். அக்கா நன்றாகத் தலைவாரி, பச்சை நிறச் சேலையில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் முறை வந்தபோது எழுந்து நின்று, கூட்டத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே பேசினார். கிடங்குகளுக்குப் பின்னால் வியாபாரிகள் சங்கத்துக்குச் சொந்தமான ஒரு பழைய கழிப்பறை இருக்கிறது. பூட்டியே கிடக்கிறது. சாவி சங்க ஆபீஸில் இருக்கிறது. அங்கே எப்போதும் பத்து ஆண்கள் சாயா குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்தில் வீடு உள்ளவர்கள் மத்தியானம் வீட்டுக்குப் போய்விட்டு வருவார்கள், இவருக்கு வீடு இடக்கொச்சியில். அதனால் காலையில் ஒரு சாயாவோடு சரி, மாலைவரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை. நீர்க்கடுப்பு வந்து வந்து இப்போது மாதம் ஒரு தடவை காய்ச்சலில் படுக்கிறார். இதையெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியாக அவர் சொன்னது ஒரு எழுத்து பிசகாமல் எனக்கு நினைவிருக்கிறது.

"புதுசா கட்டணும்னு நாங்க கேக்கல பாப்பா. இருக்கறதத் தொறந்து விட்டாப் போதும். சாவி மட்டும் பொம்பளையாளு கையில இருக்கணும். ஆம்பளையாளுககிட்டப் போய்க் கேக்கணும்னா எவளும் போக மாட்டா, தண்ணி குடிக்காமக் கெடப்பா."

நான் இதை மலையாளத்தில் சொன்னேன். ஹாலில் கொஞ்சம் பேர் தலைகுனிந்தார்கள், கொஞ்சம் பேர் உச்சுக்கொட்டினார்கள். பிறகு அட்டையை எடுத்து எழுத உட்கார்ந்தேன். நான்கு கோடுதான். பின்வரிசையில் இன்னும் முப்பது பேர் காத்திருந்தார்கள். சாவியைப் படம் எடுத்து என்ன செய்ய? யார் கையில் சாவி என்பதெல்லாம் ஒரு கோரிக்கையா? கழிப்பறை வேண்டும் என்று இரண்டு வரியில் முடித்தேன், மிச்சம் இரண்டு கோட்டைக் காலியாக விட்டேன். எனக்குச் சாமர்த்தியமாகச் சுருக்கிவிட்ட பெருமை வேறு. அக்காவிடம் அட்டையைக் காட்டி எழுதியாச்சு என்றேன். அவருக்கு மலையாளம் படிக்கத் தெரியாது. என்னை நம்பித் தலையாட்டினார்.

அதன் பிறகு நாங்கள் செய்ததை யாரும் குறை சொல்ல முடியாது. தினமும் ஒரு செய்தி, ஒரு பெண்ணின் படம், சங்கத்துச் செயலாளரின் பதில், டாக்டரின் கருத்து. சங்கத்துக்காரர்களுக்கு மானம் போயிற்று. ஒரே மழைக்காலத்துக்குள் பழைய கட்டடத்தை இடித்து, நீல ஓடு பதித்து, நன்கொடை கொடுத்தவர்களின் பெயரைக் கல்லில் வெட்டிப் புதுசாக ஒன்றைக் கட்டிவிட்டார்கள். திறப்பு விழாவில் அக்காவைத்தான் நடுவில் நிறுத்தினார்கள். கையில் ஒரு பெரிய சாவியைக் கொடுத்து எங்கள் போட்டோகிராபர் படம் எடுத்தார். சிரிக்கச் சொன்னார், அக்காவும் சிரித்தார். படம் எடுத்து முடிந்ததும் செயலாளர் கையை நீட்டினார். அக்கா சாவியை அவரிடம் கொடுத்தார். நான் இரண்டடி தூரத்தில் நின்று அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு அலுவலகத்துக்குப் போய், பெண்களின் கையில் சாவி என்று தலைப்புப் போட்டுச் செய்தி எழுதினேன். அன்று சாயங்காலம் எல்லாரும் கைதட்ட, பீரோ சீஃப் என் கையாலேயே பச்சை ஒட்டவைத்தார்.

ஒரு மாதம் கழித்து அக்கா அலுவலகத்துக்கு வந்தார். அரை நாள் லீவு போட்டுவிட்டு, பஸ் ஏறி வந்திருந்தார். வரவேற்பில் இருந்த பெண் ஏதோ நன்றி சொல்ல வந்திருப்பதாக நினைத்து அவரை நாற்காலியில் உட்காரவைத்துச் சாயா வாங்கிக் கொடுத்திருந்தாள். அவர் அதைத் தொடவில்லை. திரும்பிப் போகும் வழியில் எங்கே ஒதுங்குவது என்ற பயம். அவர் சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன், எனக்குத்தான் சுருக்குவது கைவந்த கலை ஆயிற்றே. கழிப்பறை பூட்டியிருக்கிறது. சாவி சங்க ஆபீஸில், பழைய ஆணியில் தொங்குகிறது. யாரும் எடுத்துக்கொண்டு போய்விடாமல் இருக்க அதில் ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கட்டிவிட்டிருக்கிறார்கள். ஆறு பெண்களில் ஒருத்திகூட இதுவரை போகவில்லை. "நான் சொன்னத நீ எழுதலையா பாப்பா" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. எழுதினேனா இல்லையா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

நான் பீரோ சீஃபிடம் போனேன். அவர் கேட்டார், வருத்தப்பட்டார். ஆனால் பச்சை ஒட்டிய கார்டைத் திரும்ப எடுக்கிற வழக்கம் இல்லையே என்றார். புது அட்டையில் எழுதுகிறேன் என்றேன். ஒரே இடத்துக்கு இரண்டு கார்டு போட்டால் முதல் செய்தி பொய் என்று ஆகாதா, சங்கத்துக்காரர்கள் லட்சம் லட்சமாகப் போட்டுக் கட்டியிருக்கிறார்கள், அடுத்த தடவை எவன் நம் பேச்சைக் கேட்பான் என்றார். போய்ச் சாவியைக் கேட்டு வாங்க அந்தப் பெண்களுக்கு என்ன கஷ்டம், நாமே ஊட்டிவிட முடியுமா என்றும் கேட்டார். அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. ஒன்றையும் சொல்லவில்லை. அந்தத் தலைப்பைப் போட்டவள் நான்தானே. செயலாளரிடம் பேசிப் பார்க்கிறேன் என்று அக்காவை அனுப்பிவைத்தேன்.

செயலாளர் ஃபோனில் ரொம்ப மரியாதையாகப் பேசினார். யார் கேட்டாலும் சாவி கொடுப்போமே, நாங்கள் என்ன கடித்தா தின்றுவிடுவோம் என்றார். மறுநாள் மத்தியானம் நானே போனேன். சங்க ஆபீஸின் பெஞ்சில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. சாவி வேண்டும் என்றேன். எந்தச் சாவி என்று கிளார்க் கேட்டார். ஊரெல்லாம் கேள்வி கேட்டுத் திரிந்த எனக்கு அந்த ஒரு சொல்லைச் சொல்ல வாய் வரவில்லை. சுவரைக் காட்டினேன். அவர் சிரட்டையோடு எடுத்துக் கொடுத்தார். அதைக் கைப்பையில் திணிக்கவும் முடியாது, முந்தானையில் மறைக்கவும் முடியாது. அந்தச் சிரட்டையைப் பிடித்துக்கொண்டு, சாக்கு ஏற்றுகிறவர்கள், மிளகுக் கடைக்காரர்கள், ஆட்டோக்காரர்கள் எல்லாரையும் தாண்டி நூறு அடி நடந்தேன். திரும்பி அதே நூறு அடி. பேப்பர்காரி எனக்கே உடம்பு கூசியது. கிடங்கு வாசலில் உட்கார்ந்திருந்த அக்கா என்னைப் பார்த்துவிட்டு, திரும்ப முறத்தில் சுக்கைப் புடைக்கத் தொடங்கினார்.

அன்றைக்கே எழுதினேன். நடந்ததை நடந்தபடி, சிரட்டை உட்பட. அது அச்சாகவில்லை. இரண்டு தடவை கேட்டேன், இடமில்லை என்றார்கள். மூன்றாவது தடவை கேட்கவில்லை. அடுத்த கூட்டம், அடுத்த பேட்டை, அடுத்த அட்டைக் கட்டு என்று ஓட வேண்டியிருந்தது. இன்று யோசித்தால் அந்த மூன்றாவது தடவைதான் என் தொண்டையில் நிற்கிறது. அடுத்து வந்த கோடையில் அக்காவுக்குக் காய்ச்சல் முற்றி, சிறுநீரகம் வரைக்கும் போய்விட்டது என்று அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் ஊருக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். கிடங்கில் அவர் இடத்தில் வேறு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் ஒரு பாட்டில் தண்ணீர் இருந்தது, மூடியைத் திறக்கவே இல்லை. அலுவலகத்துக்குத் திரும்பி, பலகையிலிருந்து அந்த அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். அது திருட்டுதான். யாரும் தேடவில்லை.

வேலையை விட்டுப் பல வருடம் ஆயிற்று. இப்போது வீட்டில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பு செய்கிறேன். ஒரு வார்த்தை விட்டுப்போனாலும் திரும்பப் போய்ச் சேர்க்கிறேன். யாருக்குப் பிரயோசனம்? கண்காட்சிக்காரப் பெண் ஃபோன் செய்த மறுநாள் பஜார் வழியாகப் போனேன். நீல ஓடு மங்கியிருக்கிறது, பெயர்க்கல் பளபளப்பாக இருக்கிறது, கதவில் பூட்டு. சங்க ஆபீஸில் ஆணியும் சிரட்டையும் அப்படியே, கயிறு மட்டும் புதுசு. கிடங்கு வாசலில் இப்போது வேறு ஊர்ப் பெண்கள், வேறு பாஷை.

வீட்டுக்கு வந்து இழுப்பறையிலிருந்து அட்டையை எடுத்தேன். பச்சையை நகத்தால் உரித்தேன், கொஞ்சம் மஞ்சளையும் பிய்த்துக்கொண்டுதான் வந்தது. காலியாக விட்ட இரண்டு கோடுகளில் தொடங்கி, இடம் போதாமல் ஓரங்களிலும் தலைகீழாகவும், அக்கா அன்று எழுந்து நின்று சொன்னதை முழுசாக மலையாளத்தில் எழுதினேன். புதுசாகக் கேட்கவில்லை என்பதையும், சாவி யார் கையில் இருக்க வேண்டும் என்பதையும். கவரில் போட்டு ஆள் மூலம் கொடுத்தனுப்பினேன்.

அந்தப் பெண் இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டாள். கார்டு கிடைத்தது, ஆனால் அதில் யாரோ முழுக்கக் கிறுக்கிவைத்திருக்கிறார்கள், பச்சை ஸ்டிக்கரையும் காணோம், இப்படி வைத்தால் பார்க்கிறவர்களுக்குக் குழப்பமாக இருக்கும் என்றாள். குரலில் உண்மையான வருத்தம். "வேற நல்ல கார்டு ஏதாவது இருக்கா சேச்சி" என்று கேட்டாள்.

படித்துப் பார்த்தாயா என்று கேட்டேன். எழுத்து ரொம்பப் பொடியாக இருக்கிறது, அத்தனையும் யார் படிப்பார்கள் சேச்சி, சுருக்கமாக இரண்டு வரியில் எழுதித் தருகிறீர்களா என்றாள்.