வெர்லீன் டேட்டம் ஜூரியில் உட்காராத கதை

டெனிங் கவுண்டியில், ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து வழக்கைக் கேட்டுத் தீர்ப்பு சொல்லும் ஜூரிக்கு வரச்சொல்லிக் கோர்ட்டிலிருந்து கடிதம் வந்துவிட்டால், அதிலிருந்து எப்படிக் கழன்றுகொள்வது என்பதுதான் எல்லோருக்கும் ஒரே யோசனை. ஒருவருக்குத் திடீரென்று இடுப்பு பிடித்துக்கொள்ளும். இன்னொருவர், போலீஸ்காரன் வாயில் உண்மையே வராது என்று நீதிபதி முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு வந்து சேர்ந்துவிடுவார். கடிதத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டிவைத்து, தேதி எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தவள் அந்தக் கவுண்டியில் எனக்குத் தெரிந்து ஒருத்திதான். வெர்லீன் டேட்டம்.

அவள் முப்பத்தோரு வருஷமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். யார் முதலில் கிள்ளியது, யார் யாருடைய பையை ஜன்னல் வழியாக எறிந்தது என்று தினமும் அந்தப் பேருந்துக்குள் நாலு வழக்கு நடக்கும். வண்டியை ஓரம் கட்டி, இரண்டு பக்கமும் கேட்டு, தீர்ப்பு சொல்லிவிட்டுத்தான் மறுபடி கிளப்புவாள். அவள் சொன்ன தீர்ப்பை எதிர்த்து எந்த வீட்டிலிருந்தும் இதுவரை ஒருவரும் வந்ததில்லை. கவுண்டி தன் பிள்ளைகளில் ஐம்பது பேரை நம்பி ஒப்படைக்கிறது. பன்னிரண்டு நாற்காலிகளில் ஒன்றை மட்டும் தரமாட்டேன் என்கிறது. அவளுக்கு ஆற்றாமை அதுதான்.

நான்கு முறை கடிதம் வந்து போயிருக்கிறாள். நான்கு முறையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எப்படி அனுப்பினார்கள் என்பதுதான் எரிச்சல். வந்தவர்களையெல்லாம் உட்காரவைத்து இரண்டு தரப்பு வக்கீல்களும் கேள்வி கேட்பார்கள். பிறகு பெயர்ப் பட்டியல் செருகிய ஓர் அட்டை இந்த மேஜையிலிருந்து அந்த மேஜைக்கும், அங்கிருந்து இங்கேயும் போய்வரும். போகும்போது ஒரு பெயரில் கோடு, வரும்போது ஒரு பெயரில் கோடு. ஒவ்வொரு தரப்பும் ஒன்பது பேரைக் காரணமே சொல்லாமல் அடித்துவிடலாம். அது சட்டம் கொடுத்த உரிமை. கடைசியில் மிஞ்சியவர்களின் பெயரை வாசிப்பார்கள். மற்றவர்களுக்கு நன்றி சொல்லி வாசலைக் காட்டுவார்கள்.

காரணம் தெரிந்தால் திருத்திக்கொள்ளலாம். தெரியாததால் அவளும் அவள் கணவன் கிளீஃபஸும் வீட்டில் உட்கார்ந்து ஊகித்தார்கள். முதல் முறை கைகட்டி உட்கார்ந்திருந்தாள், திமிர் என்று நினைத்திருப்பார்கள். இரண்டாம் முறை சட்டையில் தேவாலயச் சின்னம் போட்ட ஊசி குத்தியிருந்தாள், இரக்கப்படுகிறவள் என்று நினைத்திருப்பார்கள். மூன்றாம் முறை பதில்களை இழுத்து இழுத்துச் சொன்னாள். நான்காம் முறை கொட்டாவி விட்டாள், அதிகாலை நாலரைக்கு எழுகிறவளுக்குக் கொட்டாவி வராமல் என்ன வரும்? இன்னொரு காரணமும் அவர்களுக்குத் தெரியும். கவுண்டியில், இவர்கள் இருவரையும் சேர்த்து, பாதிப் பேர் கறுப்பர்கள். கோர்ட்டில் குற்றவாளி நாற்காலியில் உட்காருகிறவர்களிலும் பெரும்பாலும் அவர்களே. எதிரே உட்காரும் பன்னிரண்டு பேரில் மட்டும் அவர்களைத் தேடிப் பார்க்கவேண்டும். இதைத் திருத்திக்கொள்ள அவளால் முடியாது என்பதால் மற்றவற்றைத் திருத்திக்கொண்டாள்.

ஐந்தாம் முறை போகவேண்டிய திங்கட்கிழமை காலை, கிளீஃபஸ் சாப்பாட்டு மேஜையிலிருந்தே ஆரம்பித்தார்.

"ஊரே ஓடி ஒளியிற எடத்துக்கு நீ மட்டும் சீவி சிங்காரிச்சுக்கிட்டுப் போற."

"நான் கேக்குறது ஒரு நாற்காலி. அதுவும் ரெண்டே நாளைக்கு."

"நம்ம வீட்டுல ஆறு கெடக்கே, அதுல ஒண்ணுல உக்காரேன்."

"வாயை மூடிக்கிட்டு கிரிட்ஸ் கஞ்சியைத் தின்னுய்யா. ஆறிப்போச்சுன்னு அப்புறம் என்கிட்ட வராத."

ஊசி குத்திக்கொள்ளவில்லை. காதில் தொங்கட்டான் இல்லை. இரண்டு கோப்பைக் காப்பி குடித்திருந்தாள். கோர்ட் பெஞ்சு கட்டை பெஞ்சு, முதுகு தாங்காது என்று பேருந்தில் போட்டுக்கொள்ளும் மெத்தையைக் கையோடு எடுத்துக்கொண்டாள். அவளுடைய முறை வந்ததும் அரசு வக்கீல் விக்கர்ஸ் கேட்டார்.

"ரெண்டு பக்கத்தையும் கேட்டுட்டு நியாயமா முடிவு பண்ணுவீங்களா?"

"பண்ணுவேங்க."

"சாட்சி சொல்ற போலீஸ்காரரை நம்புவீங்களா?"

"சொல்றதைக் கேட்டுட்டு முடிவு பண்ணுவேங்க. யாரா இருந்தாலும்."

"ரெண்டு மூணு நாள் ஆகலாம். இருக்க முடியுமா?"

"முடியும். சந்தோஷமா இருப்பேன்."

கை மடியில். முதுகு நேராக. கொட்டாவி இல்லை. அட்டை இங்கும் அங்கும் போய்வந்தது. பெயர்களை வாசித்தபோது பன்னிரண்டாவது பெயர்வரை அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். டேட்டம் என்ற பெயர் வரவில்லை. எழுந்து போய் உட்கார்ந்த பன்னிரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தாள். ஒரு கறுப்பு முகம்கூட இல்லை.

ஆனால் இந்த முறை ஒன்று நடந்தது. குற்றம் சாட்டப்பட்டவருக்காக வந்திருந்த பிரிசில்லா ஓட்டிஸ் என்ற வக்கீல் எழுந்து, ஆட்சேபம் என்றாள். அரசு வக்கீல் அடித்த ஒன்பது பேரில் எட்டுப் பேர் கறுப்பர்கள், நிறம் பார்த்து அடிக்க மட்டும் சட்டத்தில் இடமில்லை, அதனால் அவர் காரணம் சொல்லியாகவேண்டும் என்றாள். நீதிபதி லாண்ட்ரம் பெருமூச்சு விட்டுவிட்டு, இது முடியும்வரை எல்லோரும் வெளியே தாழ்வாரத்தில் இருங்கள் என்றார். ஆகஸ்ட் மாதம், கோர்ட்டின் ஏசி படுத்துவிட்டிருந்தது. கதவுக்கு அடியில் ஒரு மரக்கட்டையைச் செருகித் திறந்தே வைத்திருந்தார்கள். அந்தக் கதவை ஒட்டிய பெஞ்சில் போய் உட்கார்ந்தாள் வெர்லீன். உள்ளே பேசியது ஒன்றுவிடாமல் கேட்டது.

ஒவ்வொரு பெயராக விக்கர்ஸ் காரணம் சொல்லிக்கொண்டே வந்தார். ஒருவர் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. ஒருத்தி வாடகை வீட்டில் இருக்கிறாள், ஊரில் வேரில்லை. அப்புறம் அவள் பெயர் வந்தது.

"திருமதி டேட்டம், யுவர் ஆனர். எல்லாக் கேள்விக்கும் மனப்பாடம் பண்ணின மாதிரி பதில். ரொம்ப ஆர்வமா இருக்காங்க. உக்கார மெத்தைகூடக் கொண்டு வந்திருக்காங்க. இவ்வளவு ஆசையா ஜூரிக்கு வர்றவங்களுக்கு மனசுல ஏதோ கணக்கு இருக்கும்."

"ரிட்டயர்டு போஸ்ட்மேன் மிஸ்டர் ஹென்ஷாவும் சந்தோஷமா வர்றேன்னுதானே சொன்னார்?" என்றாள் பிரிசில்லா. "அவரை ஏன் வெச்சுக்கிட்டீங்க?"

"அவர் மெத்தை கொண்டு வரலையே."

உள்ளே யாரோ சிரித்தார்கள். தோலின் நிறத்தைச் சொல்லாத எந்தக் காரணமும் காரணம்தான், அது புத்திசாலித்தனமாக இருக்கவேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை. நீதிபதி ஒன்பது காரணங்களையும் ஏற்றுக்கொண்டார். ஆட்சேபம் தள்ளுபடி.

வெர்லீனுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நாலு முறை தெரியாமல் போன காரணம் ஐந்தாம் முறை தெரிந்துவிட்டது. ஆர்வமில்லாமல் வந்தால் பொறுப்பில்லாதவள், ஆர்வத்தோடு வந்தால் கள்ளக் கணக்கு. இதில் எதைத்தான் திருத்துவது? வீட்டுக்குப் போகலாம் என்று கோர்ட் காவலர் சொன்னார். விசாரணையை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாமா என்று கேட்டாள். பார்க்கலாம் அம்மா, பின்னாடி பெஞ்சு எல்லாருக்கும் பொது என்றார். அன்று மாலையே இரண்டு நாள் விடுப்பு எழுதிக்கொடுத்தாள்.

"அடிச்சுத் துரத்தின எடத்துக்கே மறுபடி போறியா?" என்றார் கிளீஃபஸ். இந்த முறை கிண்டல் இல்லை.

"எனக்குப் பதிலா அங்க உக்காந்தவங்க என்னத்தைக் கேக்குறாங்கன்னு பாக்கணும்."

செவ்வாய்க்கிழமை விசாரணை. குற்றம் சாட்டப்பட்டவர் லூத்தர் பைனம், நாற்பது வயது, கூரை வேலை செய்கிறவர். பிப்ரவரி மாதம் ஒரு கட்டுமானக் கிடங்கிலிருந்து செம்புக் கம்பிச் சுருள்களை வண்டியில் ஏற்றிப் போனார் என்பது வழக்கு. கைரேகை இல்லை, கம்பியும் கிடைக்கவில்லை. இருந்தது ஒரே சாட்சி, கிடங்குக் காவலாளி. கிடங்கை ஒட்டிய கட்லர் மில் சாலை முனையில் அன்று காலை ஆறு மணிக்கு லூத்தரின் முகத்தைப் பார்த்தேன் என்றான்.

"அந்த நேரத்துல இருட்டா இருக்காதா?" என்று கேட்டாள் பிரிசில்லா.

"முனையில தெருவிளக்கு இருக்கு. அந்த வெளிச்சத்துல நல்லாத் தெரிஞ்சுது."

பின் பெஞ்சில் வெர்லீன் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கட்லர் மில் முனை அவளுடைய முதல் நிறுத்தம். இரண்டு பிள்ளைகள் அங்கே ஏறுவார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் அடித்த புயலில் போன அந்த விளக்கு இன்றுவரை எரியவில்லை. பிள்ளைகள் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்று குளிர்காலம் பூராவும் அவள் பேருந்தின் முன்விளக்கைப் பெரிதாகப் போட்டுக்கொண்டுதான் அந்த முனையில் நிறுத்துவாள். பன்னிரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். அந்தச் சாலைப் பக்கம் வீடுள்ளவர், அந்த நேரத்தில் அந்த வழியாகப் போகிறவர் ஒருவர்கூட அதில் இல்லை. தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இடைவேளையில் தாழ்வாரத்தில் பிரிசில்லாவை மறித்தாள்.

"அந்த விளக்கு எரியாது கண்ணு. ரெண்டு வருஷமா எரியல. நான் தெனமும் அங்க வண்டி நிறுத்துறவ. என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிடு."

பிரிசில்லாவின் முகம் ஒரு நொடி மலர்ந்தது, உடனே சுருங்கியது.

"உள்ள உக்காந்து அவன் சொன்னதைக் கேட்டீங்களா?"

"கேட்டதாலதானே வந்து சொல்றேன்!"

"மத்த சாட்சி பேசுறதைக் கேட்டவங்களைச் சாட்சியா விடமாட்டாங்கம்மா. இந்த ஜட்ஜ் கோர்ட்டுல அப்படித்தான். இருந்தாலும் கேட்டுப் பாக்குறேன்."

கேட்டுப் பார்த்தாள். நீதிபதி விடவில்லை. மின்சாரக் கம்பெனியிடமிருந்து தாள் வாங்கி வருகிறேன், ஒரு நாள் தாருங்கள் என்றாள். அதை முன்பே செய்திருக்கவேண்டும் என்றார். புதன்கிழமை கடைசி வாதத்தில், அந்த விளக்கு எரிந்ததா என்று யாராவது போய்ப் பார்த்தார்களா என்று பிரிசில்லா கேட்டபோது, எரியவில்லை என்பதற்குச் சாட்சியம் இல்லை யுவர் ஆனர் என்று விக்கர்ஸ் எழுந்தார். சாட்சியம் பின் பெஞ்சில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

பன்னிரண்டு பேரும் கூடிப் பேசி முடிவெடுக்கும் அறைக்குள் அவள் இருந்திருந்தால் ஒரு வார்த்தை போதும். விளக்கு எரியாது, வாங்க என் பேருந்தில் கூட்டிப்போய்க் காட்டுகிறேன் என்றிருப்பாள். மற்ற பதினோரு பேரும் அவளைத் திட்டியிருக்கலாம், இரவுவரை உட்காரவைத்திருக்கலாம். ஒருத்தி மாட்டேன் என்றால் அங்கே தீர்ப்பு இல்லை. அதற்குத்தான் அந்த நாற்காலி.

பன்னிரண்டு பேரும் ஐம்பது நிமிஷத்தில் திரும்பி வந்துவிட்டார்கள். குற்றவாளி என்று ஜூரியின் தலைவர் வாசித்தார். லூத்தர் பைனம் இரண்டு கையையும் மேஜைமேல் ஊன்றிக்கொண்டார். அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஒவ்வொருத்தரையும் தனித்தனியாக் கேக்கணும், யுவர் ஆனர்," என்றாள் பிரிசில்லா. அப்படிக் கேட்கச் சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. நீதிபதி வரிசையாகக் கேட்டார்.

"இது உங்க தீர்ப்பா?"

"ஆமா."

"உங்க தீர்ப்பா?"

"ஆமா, ஐயா."

போஸ்ட்மேன் ஹென்ஷா தொண்டையைச் செருமிக்கொண்டு ஆமா என்றார். கடைசி நாற்காலியில் இருந்த பெண் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே ஆமா என்றாள். பன்னிரண்டும் முடிந்தது. நீதிபதி தாளைப் புரட்டினார்.

"இல்லை," என்றாள் வெர்லீன்.

எழுந்து நின்றிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பன்னிரண்டு தலைகளும் திரும்பின. லூத்தர் பைனமும் திரும்பிப் பார்த்தார்.

"யாரது?" என்றார் நீதிபதி.

"பொதுமக்கள்ல ஒரு அம்மா, யுவர் ஆனர்," என்று சொல்லிக்கொண்டே காவலர் வந்து, அவள் முழங்கையை நோகாமல் பிடித்தார்.

நீதிபதி, கீழே உட்கார்ந்து கோர்ட்டில் பேசுவதையெல்லாம் பதிவுக்காகத் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண்ணிடம் குனிந்தார். "அதைப் பதிவுல ஏத்த வேண்டாம்."

"நான் ஏத்தவே இல்லைங்க," என்றாள் அவள்.