திருநீற்றுப் பெட்டியில் ஒரு படம்

கற்பகம் ஐந்தாவது வரை படித்தவள். லஸ் முனைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு ஸ்கேன் சென்டரில் பதினோரு வருஷம் ஆயாவாக இருந்தாள். மார்பகப் படம் எடுக்க வரும் பெண்களைத் திரைக்குப் பின்னால் அழைத்துப்போய், ரவிக்கையைக் கழற்றச் சொல்லி, கவுனை மாட்டிவிட்டு, மிஷினுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவது அவள் வேலை. கேட்க லேசாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே வருகிற பெண்கள் பாதிப் பேர் கட்டின புருஷனுக்கு முன்னால்கூட வெளிச்சத்தில் உடை மாற்றாதவர்கள். நிற்கும்போதே கால் நடுங்கும். கற்பகம் யாரையும் அதட்ட மாட்டாள். காலையில் கபாலி கோயிலில் வாங்கிய திருநீற்றுப் பொட்டலத்தை இடுப்பிலிருந்து எடுத்து, நெற்றியில் ஒரு கீற்றும் நெஞ்சில் ஒரு சிட்டிகையும் பூசிவிட்டு, ஒன்றும் இருக்காது, அம்பாள் பார்த்துக்கொள்வாள் என்பாள். நடுக்கம் பாதி நின்றுவிடும்.

தொண்ணூற்றாறில் சகினா அங்கே வர ஆரம்பித்தாள். கிண்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுக்கிறவள், ராயப்பேட்டைக்காரி. படத்தில் உள்ள கோளாறைக் கம்ப்யூட்டரே கண்டுபிடிக்கும்படி செய்வது அவளுடைய ஆராய்ச்சி. சாயங்காலம் அன்றைய படங்களை அட்டைப் பெட்டியில் வைத்துத் தன் மொபெட்டில் எடுத்துப்போவாள். மறுநாள் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தாள் வரும். சந்தேகப்பட்ட இடத்தைச் சுற்றிக் கம்ப்யூட்டர் வட்டம் போட்டிருக்கும். டாக்டர் நீரஜா படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டி, அந்தத் தாளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு லென்ஸால் பார்ப்பார். ரவைக் குருணை மாதிரி வெள்ளைப் புள்ளிகள் ஒரே இடத்தில் கூட்டமாக இருந்தால் அது கெட்ட நோயின் ஆரம்பமாக இருக்கலாம், கட்டியாகிக் கைக்குத் தட்டுப்படுவதற்கு வருஷக்கணக்கில் முன்னாலேயே படத்தில் தெரிந்துவிடும் என்று கற்பகத்துக்கும் ஒருநாள் விளக்கியிருந்தார்.

முதல் இரண்டு மாதம் கம்ப்யூட்டர் வட்டமாகப் போட்டுத் தள்ளியது. இத்தனை பெண்களுக்கா என்று டாக்டருக்கே திகைப்பு. ஒருநாள் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தவர், கற்பகத்தின் விரலில் இருந்த திருநீற்றைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். சாம்பல் துகளும் படத்தில் வெள்ளையாகத்தான் விழும்.

சகினாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "என்ன கற்பகம்மா, டாக்டருங்களே பயப்படற என் கம்ப்யூட்டரை உங்க சாமி ஒரு சிட்டிகையில ஏமாத்திட்டாரே."

டாக்டர் கோபிக்கவில்லை. நெற்றியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், நெஞ்சை ஈரத்துணியால் துடைத்துவிட்டு அனுப்புங்கள் என்று மட்டும் சொன்னார். கற்பகமும் அப்படியே செய்தாள். இருந்தாலும் பழகின கை, இரண்டு முறை மறந்து பூசிவிட்டது. அந்தப் பெண்களை மறுபடி வரவழைத்துப் படம் எடுக்கவேண்டியதாயிற்று. கெட்டுப்போன படங்களைச் சகினா எறியவில்லை. ஒரு தனிப் பெட்டியில் சேர்த்து, அதன்மேல் 'திருநீறு' என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். இதெல்லாம் பொய்ப்புள்ளி, இந்த மாதிரி வந்தால் விட்டுவிடு என்று கம்ப்யூட்டருக்குப் பழக்குவதற்கு அந்தப் பெட்டி.

தொண்ணூற்றேழு தை மாதம், ஒரு வியாழக்கிழமை, ஜெயபாரதி வந்தாள். தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே புடவை விரித்துக் காட்டுகிற வேலை. அவளுடைய அக்கா இந்த நோயில் போய்ச் சேர்ந்ததால் எதற்கும் ஒரு படம் எடுத்துவிடு என்று யாரோ டாக்டர் அனுப்பியிருந்தார். கற்பகம் ஈரத்துணியால் ஒருமுறைக்கு இரண்டு முறை துடைத்தாள். துடைக்கத் துடைக்க ஜெயபாரதி பேசிக்கொண்டே இருந்தாள். அடுத்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு மகளுக்குக் கல்யாணமாம். மாப்பிள்ளை வீட்டில் ஏற்கெனவே அக்காவின் கதையைக் கேட்டு முகம் சுளித்திருக்கிறார்கள்.

"இங்க வந்ததே யாருக்கும் தெரியாதுக்கா. எனக்கும் அது கீதுன்னு ஒரு பேச்சு வந்துச்சு, என் பொண்ணு வாழ்க்கை அவ்ளோதான்" என்றாள். போகும்போது பையிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்துக் கற்பகத்தின் கையில் திணித்து, கட்டாயம் வந்துவிடவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜெயபாரதியின் படத்தில் இடது பக்கம் கம்ப்யூட்டர் ஒரு வட்டம் போட்டிருந்தது. டாக்டர் லென்ஸை வைத்துப் பார்த்தார். ஏழெட்டுப் புள்ளிகள். நிமிர்ந்து, "மறுபடியும் பூசிட்டீங்களா கற்பகம்?" என்று கேட்டார்.

பூசவில்லை. அது கற்பகத்துக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அவள் கண்முன் நின்றது கல்யாணப் பத்திரிகை. இத்தனை பேருக்கு வட்டம் போட்டு அத்தனையும் சாம்பலாகத்தானே போயிற்று, இதுவும் அப்படியே போகட்டும் என்று மனசு அம்பாளிடம் கெஞ்சியது. அவள் வாய் திறக்கவில்லை. ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

டாக்டர் பெருமூச்சு விட்டார். அடுத்த வாரமே அவளை வரச்சொல்லி மறுபடி எடுத்துவிடுங்கள் என்று ஒரு சீட்டு எழுதிக் கற்பகத்திடம் கொடுத்தார். சகினா படத்தை வாங்கித் திருநீற்றுப் பெட்டியில் வைத்தாள்.

கற்பகம் கல்யாணத்துக்குப் போனாள். சைதாப்பேட்டையில் சின்ன மண்டபம். ஜெயபாரதி வியர்த்து வடிய ஓடியாடிக்கொண்டிருந்தாள். கற்பகத்தைக் கண்டதும் பந்தியில் உட்காரவைத்துத் தானே பாயசம் ஊற்றினாள். சீட்டு கற்பகத்தின் பர்ஸில் இருந்தது. இன்றைக்கு வேண்டாம் என்று நினைத்தாள். அப்புறம் மறுவீடு முடியட்டும் என்று நினைத்தாள். அதற்கப்புறம் வேறொரு பயம் வந்தது. மறுபடி எடுத்த படத்திலும் அந்தப் புள்ளிகள் இருந்தால், தான் தலையாட்டியது பொய் என்று தெரிந்துவிடும். டாக்டர் ஒருமுறை கேட்டதற்கு, சொல்லியாகிவிட்டது, வரக்காணோம் என்று சொல்லிவிட்டாள். ஜெயபாரதி வேளச்சேரிக்குக் குடிபோய்விட்டதாகக் காதில் விழுந்தது. சீட்டு மடிப்பு மடிப்பாகக் கிழிந்தும் கற்பகம் அதைத் தூக்கி எறியவில்லை. தினமும் கோயிலில் ஜெயபாரதி பெயரைச் சொல்லி ஒரு அர்ச்சனை செய்தாள். அவளால் முடிந்ததை எல்லாம் செய்தாள், செய்யவேண்டிய ஒன்றைத் தவிர.

அடுத்த வருஷம் ஆடியில் ஜெயபாரதி தானே வந்தாள். கட்டி கைக்குத் தட்டுப்பட்டிருந்தது. அக்குளிலும் ஒன்று. கற்பகம் கவுனை மாட்டிவிடும்போது கண்ணால் பார்த்தே தெரிந்தது.

அந்த வாரம்தான் சகினா சந்தோஷமாக ஒரு சேதி கொண்டுவந்தாள். கம்ப்யூட்டர் தேறிவிட்டதாம். திருநீற்றுப் பெட்டிப் படங்களைத் திரும்பத் திரும்பக் காட்டியதில், அந்த மாதிரிப் புள்ளிகளை இப்போது வட்டம் போடாமல் தாண்டிப் போய்விடுகிறதாம். "உங்க சாமிக்கும் அதுக்கும் ராசியாயிடுச்சு கற்பகம்மா" என்றாள்.

கற்பகத்தின் கண் திருநீற்றுப் பெட்டிமேல் போயிற்று. ஜெயபாரதியின் நிஜப்புள்ளி அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. தான் ஆட்டிய தலையை நம்பி அந்த மிஷின் படித்திருக்கிறது. இனி எந்தப் பெண்ணுக்கு அதே மாதிரி வந்தாலும் அது பேசாமல் போய்விடும். ஒருத்திக்குச் செய்ததே தாங்கவில்லை.

அவள் பெட்டியைத் திறந்து, ஓரத்தில் எழுதியிருந்த பெயர்களை எழுத்துக் கூட்டிப் பார்த்து, அந்தப் படத்தை உருவினாள். டாக்டருக்கும் சகினாவுக்கும் நடுவில் மேஜையில் வைத்தாள். "இதுல நான் பூசலைம்மா. அன்னைக்குப் பொய்யா தலையாட்டிட்டேன்" என்றாள்.

டாக்டர் அந்தப் படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். அதே இடம். "ஒருதரம் கேட்டதோட நானும் விட்டுட்டேனே கற்பகம்" என்றார். திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது. சகினா படத்தை எடுத்து இன்னொரு பெட்டியில் வைத்தாள். கம்ப்யூட்டருக்கு முதலிலிருந்து சொல்லிக்கொடுக்கவேண்டும் என்று பிற்பாடு சொன்னாள். அதற்கு நாலு மாதம் பிடித்தது.

ஜெயபாரதிக்கு அடையாறில் ஆபரேஷன் ஆயிற்று. மூன்றாம் நாள் கற்பகம் போனாள். மகள் வெந்நீர் பிடிக்க வெளியே போயிருந்த நேரம் பார்த்து, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். ஜெயபாரதி கூரையைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னைக் கேட்டிருக்கலாமேக்கா. நீ சொல்லியிருந்தா, கல்யாணம் முடியற வரைக்கும் வாயத் தொறக்காதேன்னு நானே உன் கால்ல வுழுந்திருப்பேன். பத்து நாள்தானே. பதினோராம் நாள் நான் வந்திருப்பேன்."

அவ்வளவுதான் சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பேரனைப் பார்த்துவிட்டு, அடுத்த வருஷம் பங்குனியில் போய்ச் சேர்ந்தாள்.

கற்பகம் அப்புறமும் அதே வேலையில்தான் இருந்தாள். திருநீறு நெற்றியோடு சரி. யார் என்ன கேட்டாலும் தலையை ஆட்டமாட்டாள், வாய் திறந்துதான் பதில். ஒருநாள் தொண்ணூற்றேழாம் வருஷத்துக் காலண்டர் ஒன்று கைக்குக் கிடைத்தபோது நாட்களை எண்ணிப் பார்த்தாள். பதினோராம் நாள் திங்கட்கிழமை. சென்டர் திறந்திருந்தது. அவளும் வேலைக்கு வந்திருந்தாள். சீட்டு பர்ஸில் இருந்தது.