புளிக்காத கீரை

திண்டிவனத்தில் உரக்கடையில் நான் வேலை பார்த்தபோது, கண்கள் சிவந்த ஒரு பெரியவர் வந்தார். பேசும்போதெல்லாம் வேட்டி மடியைத் தடவிக்கொண்டார். அங்கிருந்து விரல் விரலாய் விரிந்த ஓர் இலையை எடுத்தார்.

"புளிச்சக்கீரைம்மா. வெளுத்துக்கினே போவுது, ஒரே பேஜாரு. எப்படியாச்சும் காப்பாத்திக் குடு."

எங்கள் வீட்டில் முதன்முதலில் படித்தவள் நான் என்ற மிடுக்கு எனக்கு. இலையைத் திருப்பியதுமே சொன்னேன். "செம்பேன், சாறு உறிஞ்சுற பூச்சி. வேப்பெண்ணெயும் சோப்பும் தண்ணியில கரைச்சு இலைக்கு அடிப்பக்கமா அடிங்க. நல்லா கழுவிட்டு சமைங்க."

"இழுக்கறப்ப வேப்பெண்ண நாத்தம் வராதே?"

கீரையை யார் இழுப்பார்கள்? கஞ்சா என்று அப்போதுதான் உறைத்தது. நிமிர்ந்தேன். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு, இலையை மடியில் செருகினார்.

"கீரைதாம்மா" என்றவர், எண்ணெய் வாங்காமலே போய்விட்டார்.

புளிச்சக்கீரை கடையும்போதெல்லாம், அந்தச் செடி பிழைத்ததா என்று யோசிக்கிறேன்.